சாலிட் ஸ்ப்ரூஸ் டாப் கிட்டார்: ரெண்டு வருஷம் வாசிச்சதுக்கு அப்புறம்

சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்னா மேல்பலகை அடுக்கு ஒட்டின ப்ளைவுட் இல்லாம, ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரத்தோட முழுப் பலகைனு அர்த்தம். அப்படி ஒரு கிட்டாரைப் பத்தி வாங்கின உடனே எழுதாம இப்ப எழுதுறேன், ஏன்னா என் காதுக்கு அன்னிக்கு கேட்ட சத்தம் வேற இப்ப கேக்குற சத்தம் வேற. இதுக்கு முன்னாடி ப்ளைவுட் டாப் கிட்டார்தான், அதுல தடி ஸ்ட்ரிங்கைத் தட்டினா டொக்குனு கேட்டு அடங்கிடும், இதுல தட்டினா நெஞ்சோட ஒட்டியிருக்கிற பலகை அதிர்றது மூச்சுல தெரியுது, கை எடுத்த பிறகும் சத்தம் நின்னு மெதுவாத்தான் கரையுது.

மேல்பலகையை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, தலைமுடி மாதிரி நேர் கோடா இருக்கும், ஒவ்வொரு கோடும் அந்த மரத்துக்கு ஒரு வருஷம். நடு ஜாயிண்ட்லேருந்து ஓரம் வரைக்கும் எண்ணினேன், 140 தாண்டிடுச்சு! ஒரே பலகையை புக் மாதிரி பிளந்து விரிச்சு ஒட்டுறதால வலது பக்கம் இருக்கிற அதே வருஷங்கள் இடது பக்கமும் கண்ணாடில தெரியுற மாதிரி இருக்கு. குளிர்ல மெதுவா வளர்ந்த மரம், அதான் கோடு அவ்ளோ நெருக்கம். ஸ்ப்ரூஸ் எடை கம்மி ஆனா நார் ஓடுற திசையில நல்ல விறைப்பு, அதனால சுமார் 3 மில்லிமீட்டர் பலகை, உள்ள ஒட்டின சட்டங்களோட சேர்ந்து, ஆறு கம்பியும் இழுக்கிற கிட்டத்தட்ட 70 கிலோவைத் தாங்கிட்டே அதிரவும் செய்யுது.

பின்பலகை ரோஸ்வுட்டா மகோகனியானு மாசக்கணக்கா குழம்பினேன். ஸ்பெயின்ல அன்டோனியோ டி டோரஸ் 1862லயே பின்னாடியும் பக்கமும் காகித அட்டை, மேல மட்டும் ஸ்ப்ரூஸ்னு ஒரு கிட்டார் செஞ்சு மேல்பலகைதான் உயிர்னு காமிச்சிட்டார். அது தெரிஞ்சதும் பட்ஜெட் முழுக்க டாப்புக்கே ஒதுக்கிட்டேன்.

குறைன்னா, ஈரப்பதம். ஏசி ரூம்ல ஸ்டாண்ட்லயே மூணு மாசம் விட்டேன், மரம் காஞ்சு குறுக்கால சுருங்கி ஃப்ரெட் (கழுத்துப் பலகைல குறுக்கால பதிச்ச உலோகக் கம்பி) நுனியெல்லாம் வெளிய நீட்டி கையைக் கீற ஆரம்பிச்சுது, அப்புறம் ஒரு நாள் பிரிட்ஜுக்கு (மேல்பலகைல கம்பிகளைப் பிடிச்சிருக்கிற கட்டை) பின்னாடி கோடு வழியாவே விரல் நீளத்துக்கு வெடிப்பு. பாத்ததும் வயித்தைப் பிசைஞ்சிடுச்சு. உள்ளேருந்து சின்ன மரத்துண்டு வச்சு ஒட்டிக் குடுத்தாங்க, சத்தத்துக்கு ஒண்ணும் ஆகல. இப்ப கேஸ்குள்ள ஈரம் குடுக்கிற ஹ்யூமிடிஃபயர் போட்டு ஈரப்பதத்தை 45லேருந்து 55 சதவீதத்துல வச்சிருக்கேன். இவ்ளோ பாத்துக்க முடியாதவங்க, அடிக்கடி ட்ராவல் பண்றவங்க தாராளமா ப்ளைவுட்டே வாங்கலாம், சட்டுனு வெடிக்காது.

கடைக்குப் போனா ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க. சவுண்ட் ஹோல் விளிம்புல டார்ச் அடிச்சுப் பாருங்க, மேல இருக்கிற கோடு அப்படியே விளிம்புல கீழ வரைக்கும் இறங்கினா சாலிட், அடுக்கடுக்கா தெரிஞ்சா ப்ளைவுட்.