‘அகவிடுதலை’ பயிற்சி என்று 2 லட்சத்து 40 ஆயிரம் போச்சு – மொத்தப் பணத்தை முன்னாடியே கட்டிடாதீங்க

முந்தாநாள் ராத்திரி அவர்களுடைய ஆப்பில் என் கணக்கை மூடிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் “போகட்டும், அதுவும் ஒரு பாடம்” என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தப் பழக்கத்தையும் அங்கேதான் ஏற்றிவிட்டார்கள்.

பெயர் சொல்லப்போவதில்லை. இலவச ஆன்லைன் தியான வகுப்பில் தொடங்கி, ஒவ்வொரு நிலையாக மேலே ஏற்றி, கடைசியில் ஒரு வருடப் பயிற்சிக்கு மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்ளும் குரு ஒருவரின் அமைப்பு. நான் கட்டியது 2 லட்சத்து 40 ஆயிரம். குருவின் நேரடி வழிகாட்டல், மௌன முகாம், தீட்சை மூன்றும் உண்டு என்றார்கள். கிடைத்தது பழைய வீடியோக்கள். அவற்றில் சில ஏற்கெனவே இலவச வகுப்பில் பார்த்தவை.

நம்ப வைத்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு ஹாலில் நேரில் நடந்த, வேகவேகமாக மூச்சை இழுத்து விடும் பயிற்சி. விரல்கள் மரத்துப்போய், உதடு துடித்து, காரணமே தெரியாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றி இருந்தவர்களும் அழுதார்கள். “சக்தி இறங்குது” என்றார்கள். தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் மரக்கும், தலை கிறுகிறுக்கும். எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அந்த ஹாலில் யாரும் சொல்லவில்லை. குரு வந்து தலையில் கை வைத்து, “இனிமே நீ தனியா இல்லம்மா” என்றார்.

மறுநாள் காலையில் மூத்த சாதகியான ஓர் அக்கா போன் செய்தார். “குரு உங்க பேரை அவரா கேட்டார். எல்லாரையும் அப்படிக் கேட்க மாட்டார்.” அன்றைக்குச் சாயங்காலமே 2 லட்சத்து 40 ஆயிரத்தையும் அனுப்பினேன். அதே போன், அதே வாக்கியம், என்னோடு சேர்ந்த இன்னும் இரண்டு பேருக்கும் போயிருக்கிறது. ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

முகாம் தள்ளிப்போனது. திரும்பவும் தள்ளிப்போனது. கேட்டபோது வந்த பதில்கள் இவை: கைகூப்பும் எமோஜி. “குரு மௌனத்தில் இருக்கிறார்.” “தேதி பார்க்கிறது உங்க மைண்டுதான், நீங்க இல்ல.” பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அக்காவின் குரலே மாறிவிட்டது. “காணிக்கையைத் திருப்பிக் கேட்டா கர்மா சேரும், பார்த்துக்கங்க.” ரசீதை எடுத்துப் பார்த்தால் ‘நன்கொடை’ என்று போட்டிருக்கிறது. பயிற்சி, முகாம் பற்றி ஒரு வரிகூட இல்லை. கட்டும்போது மட்டும் வாய்க்கு வாய் ‘கோர்ஸ் ஃபீஸ்’.

அந்த ‘உங்க மைண்டு’ பதிலைப் பற்றி இன்னும் கொஞ்சம். மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் மூளைச்சலவைக்கு ஆளானவர்களை ஆராய்ந்து 1961-ல் எட்டு அடையாளங்களைப் பட்டியலிட்டார். யோசனையை அங்கேயே நிறுத்திவிடும் ரெடிமேட் சொற்கள் அவற்றில் ஒன்று. எங்களுக்கு அது ‘மைண்டு’. முகாம் எப்போது என்று கேட்டால் மைண்டு, கணக்கு கேட்டால் மைண்டு, முதுகு வலிக்கிறது என்றாலும் மைண்டு.

எனக்கு அதிகம் வயிறு எரிவது வேறொன்றுக்கு. குருவின் உரைகளில் தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி வராத நாளே இல்லை. உண்மைக்குப் பாதை கிடையாது என்று அவர் சொன்னது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். எப்போது சொன்னார் என்று வெளியே வந்த பிறகுதான் தேடினேன். உலக குரு வரப்போகிறார் என்று 1911-ல் பிரம்மஞான சபைக்காரர்கள் (தியாசபிகல் சொசைட்டி) அவரைத் தலைவராக்கி ஒரு நட்சத்திர சங்கம் தொடங்கினார்கள். 1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஒம்மனில், ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் முன்னால் அவரே அதைக் கலைத்தார். அந்த உரையில் வருவதுதான் இது. அதற்குப் பிறகு, சங்கத்துக்கு வந்திருந்த ஏர்டே கோட்டையும் அதன் நிலங்களும் கொடுத்தவரிடமே திரும்பிப் போயின. இந்தப் பின்பாதியை எங்கள் குரு ஒருநாளும் சொன்னதில்லை. கோட்டையையே திருப்பிக் கொடுத்தவரின் வாக்கை வைத்துப் பிழைக்கும் மனிதருக்கு, என் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு ஒரு பதில் மெயில் போட மனம் வரவில்லை.

அங்கே விடுதலை என்றால் கேள்வி ஓய்ந்த மனம். என் மனம் ஓய்ந்துதான் இருந்தது, ஏனென்றால் வேலை மாறலாமா, யாரோடு பேசலாம் என்பதையெல்லாம் அக்காதான் முடிவு செய்தார். முடிவெடுக்கும் பாரம் இல்லாமல் இருப்பதற்கு அமைதி என்று பெயர் வைத்து விற்றிருக்கிறார்கள். இப்போது தூக்கம் சரியாக வரவில்லை, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். ஆனால் எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. தியானத்தை விடவில்லை. காலையில் சும்மா உட்காருகிறேன். சந்தேகம் வந்தால் அதையும் பக்கத்தில் உட்கார விடுகிறேன். அவர்கள் அதை விரட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மொத்தமாகக் கட்டாதீர்கள். அழுத அன்றைக்கும் அதற்கு மறுநாளும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தச் சூழ்நிலையில் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் ரசீது, சாட், குரல் செய்தி எல்லாவற்றையும் இன்றைக்கே அவர்கள் ஆப்புக்கு வெளியே சேமித்து வையுங்கள். என் கணக்கோடு சேர்த்து அக்கா அனுப்பிய எல்லாக் குரல் செய்திகளும் போய்விட்டன.