அப்பாவின் டிரெட்மில்லும் மூன்று வார விடுமுறையும்

அப்பா நடப்பதை நிறுத்தி நான்கு மாதம் ஆகிவிட்டது என்று ஊருக்கு வந்து இறங்கிய அன்றுதான் தெரிந்தது. போனில் கேட்கும்போதெல்லாம் "நடக்கிறேன்ப்பா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாதான் உடைத்துச் சொன்னாள்: "மெஷின் நின்னு போச்சு. அவன் அங்கேருந்து என்ன பண்ணுவான், சொல்ல வேணாம்னுட்டாரு."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்வது இதே அளவுதான். மேடு பள்ளமான தெருவில் நடக்க அவருக்குப் பயம். டிரெட்மில் புதிதில்லை, ஆஸ்பத்திரியில் டிஎம்டி (நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தபோது ஏறி நடந்திருக்கிறார். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் சாய்வும் கூடிக்கொண்டே போகும் அந்தப் பரிசோதனையையே தாங்கியாயிற்று, வீட்டில் மெதுவாக நடப்பதற்கென்ன என்று அவரே கேட்டார். நான் வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பினேன். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு தொடங்கியது.

வாங்கியவன் நான். பில் என் மின்னஞ்சலில். வாரண்டி பதிவு என் வெளிநாட்டு எண்ணில். மெஷின் நின்றதும் அப்பா புகார் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார். "பதிவு செய்த எண்ணிலிருந்து அழையுங்கள்" என்றிருக்கிறார்கள். அந்த இலவச அழைப்பு எண் வெளிநாட்டிலிருந்து போட்டால் கிடைக்காது. ஆக, அப்பா கூப்பிட்டால் பதிவில் இல்லை, பதிவில் இருக்கும் நான் கூப்பிட முடியாது. எப்படியோ ஒரு புகாரைப் பதிந்துவிட்டார். ஆனால் அதன் ஓடிபி என் போனுக்கு வந்திருக்கிறது. அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணி. என்னவோ மோசடிக் குறுஞ்செய்தி என்று நினைத்து அழித்தது எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. இரண்டு நாள் கழித்து, "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று புகாரை மூடிவிட்டார்கள். அப்பா அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

ஊருக்கு வந்த மறுநாளே நான் உட்கார்ந்து கூப்பிட்டேன். முதலில் எண்ணை மாற்றினேன்: அப்பாவின் எண், வீட்டு முகவரி, பில்லின் நகல். போனில் பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எட்டாவது நாள் கம்பெனி ஆள் வந்தார். வயது இருபத்தைந்து இருக்கும். மெஷினை ஓடவிட்டார். பத்து நொடி ஓடி நின்றது, திரையில் ஒரு பிழை எண் வந்தது. போனில் அட்டவணையைப் பார்த்தார். "மோட்டாரை ஓட்டுற எலக்ட்ரானிக் போர்டு போயிடுச்சு சார். பார்ட் வரணும். நாலு வாரம் ஆகலாம்." மூடியைக் கழற்றவில்லை. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னும் நான்கு வீடு இருக்கிறது என்றார். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைத்தால் எந்தப் பையனும் அப்படித்தான் செய்வான்.

என் விடுமுறை மூன்று வாரம். நான்கு வாரத்துக்கு நான் எங்கே போவது? வாரண்டி அட்டையை எடுத்து முதல் முறையாக முழுசாகப் படித்தேன். மெஷினின் சட்டகத்துக்கும் மோட்டாருக்கும் பல வருடம், எலக்ட்ரானிக் பாகங்களுக்கு ஒரே வருடம், பெல்ட்டுக்கு ஒன்றுமே இல்லை. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண் மட்டும்தான். போர்டின் வாரண்டி முடிந்து ஒரு வருடம் ஆகிறது. வெளி ஆள் திறந்தால் மோட்டார் வாரண்டி போகுமா என்று கம்பெனியிடமே கேட்டேன். சீலைப் பிரிக்காமல் பார்த்தால் சரி என்றார்கள். மூடியில் சீல் எதுவும் இல்லை.

அப்பா முழங்காலுக்காகப் போகும் பிசியோதெரபி சென்டரில் மூன்று டிரெட்மில் இருக்கிறது. தினமும் ஓடும் மெஷின்கள். இவற்றை யார் பார்க்கிறார்கள் என்று அங்கே கேட்டேன். எண் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கையில் ஒரு துணிப்பை. அவர் செய்ததை நான் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை இரண்டு வருடம் முன்னால் யாராவது அப்பாவுக்குச் சொல்லியிருந்தால் நான்கு மாதம் வீணாகியிருக்காது.

முதலில் பிளக்கைப் பிடுங்கினார். "அஞ்சு நிமிஷம் விடுங்க தம்பி. போர்டுல கரண்ட் தேங்கி நிக்கும், உடனே கை வெச்சா அடிக்கும்" என்றார். அந்த நேரத்தில் பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி உள்ளங்கையை அடியில் விட்டார். வெளியே எடுத்து அப்பாவிடம் காட்டினார். கை காய்ந்திருந்தது, லேசாகக் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது.

"ஐயா, எண்ணெய் எப்ப விட்டீங்க?"

"எண்ணெயா? இதுக்கா?"

"வாங்கினப்போ ஒரு சின்ன பாட்டில் குடுத்திருப்பாங்களே."

அந்தப் பாட்டில் கூடவே வந்த பிளாஸ்டிக் கவரில், பிரிக்காமல், அலமாரியில் இருந்தது. மெஷினைக் கொண்டுவந்து மாட்டிய ஆட்கள் ஓட்டிக்காட்டிக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார்கள். எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெல்ட் ஒரு பலகையின் மேல் வழுக்கி ஓடுகிறது. இடையில் சிலிகோன் எண்ணெய் இருந்தால்தான் வழுக்கும். அது காய்ந்தால் உராய்வு கூடும், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், போர்டு சூடாகும். "போர்டு போச்சு"ன்னு சொல்ற மெஷின்ல நிறைய இப்படிப் போனதுதான் என்றார். கையில் கிடைக்கிற தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் விடக்கூடாது, பெல்ட் கெட்டுவிடும், சிலிகோன் மட்டும்தான் என்று அம்மாவைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம் மூடியைக் கழற்றினார். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. தலைமுடி, துணி நூல், பெல்ட் தேய்ந்த பொடி எல்லாம் திரண்டு மோட்டாரைச் சுற்றிக் கிடந்தது. பெயின்ட் பிரஷ் ஒன்றை எடுத்துப் பொறுமையாகத் தள்ளினார். முன் உருளையின் சக்கரத்தில் மிளகு அளவுக்கு ஒரு காந்தம் பதிந்திருக்கிறது. அதற்கு எதிரே ஒரு சின்ன சென்சார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது காந்தம் அதைக் கடந்து போகும். அதை வைத்துத்தான் போர்டு வேகத்தைக் கணக்குப் போடுகிறது. அந்த சென்சார் திருகு தளர்ந்து, ஒரு விரல் அகலம் தள்ளிப் போயிருந்தது.

"மோட்டார் சுத்துது. ஆனா சுத்துதுன்னு போர்டுக்குத் தெரியல. வேகம் தெரியாம ஓட்டினா ஆபத்துன்னு அதுவே நிறுத்திடுது. போர்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, சரியாத்தான் வேலை செய்யுது."

சென்சாரை நகர்த்தி, நூலிழை இடைவெளி விட்டு, திருகை இறுக்கினார். எண்ணெய் விட்டு, பிளக்கை மாட்டி ஓடவிட்டார். பத்து நொடி. இருபது. ஒரு நிமிடம். நிற்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூவைத் தேடப் போனார்.

பெட்டியில் மோட்டாரின் திறன் "4 ஹெச்பி" (குதிரைத்திறன்) என்று போட்டிருந்ததை நான் பெருமையாகச் சொன்னேன். அவர் வயரைத் தூக்கிக் காட்டினார். ஒரு ஹெச்பி 746 வாட். நான்கு என்றால் மூவாயிரத்துக்குப் பக்கத்தில். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் ஓட வேண்டும். "இந்த வயரு அதைத் தாங்குமா, நீங்களே சொல்லுங்க." அது உச்சத்தில் ஒரு கணம் எட்டும் கணக்கு. தொடர்ந்து தரும் ஹெச்பி எவ்வளவு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்ததையும் பிடுங்கி நேராகச் சுவரில் மாட்டச் சொன்னார்.

நான் இருக்கும் நாட்டிலிருந்து ஒரு போர்டு வாங்கிக் கொண்டுவந்துவிடலாமா என்று நடுவில் யோசித்திருந்தேன். அங்கே 120 வோல்ட். இங்கே மாட்டினால் புகைதான் வந்திருக்கும். இதே யோசனை உள்ளவர்கள் கவனியுங்கள்.

என் மகளுக்கு நான்கு வயது. மெஷின் ஓடுவதைப் பார்த்ததும் பின்பக்கமாக ஓடி வந்தாள். மெக்கானிக் சட்டென்று மெஷினின் சிவப்புப் பாதுகாப்புச் சாவியை இழுத்தார், பெல்ட் நின்றது. அவர் முகம் மாறிவிட்டது. "நடந்து முடிச்சதும் இதை எடுத்து மேலே வெச்சிடணும்." அவர் பயந்தது சரிதான். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் ஏறக்குறைய 1,25,000 டிரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. பின்பக்கமாக அடியில் இழுக்கப்பட்டுப் பலர் காயமடைந்தார்கள், ஒரு குழந்தை இறந்தே போனது. இப்போது எங்கள் வீட்டுச் சாவி சாமி மாடத்துக்கு மேலே இருக்கிறது.

கிளம்புவதற்கு முன்னால் அவர் அப்பாவையே கீழே உட்காரவைத்து ஒரு வேலை சொல்லிக் கொடுத்தார். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் இருக்கும் இடது போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று. வலப்பக்கம் ஒதுங்கினால் வலது போல்ட். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது, ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. அப்பா ஓய்வு பெறும் வரை கணக்கு எழுதியவர். நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

வெளிநாட்டிலிருந்து பெற்றோருக்கு மெஷின் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு: பதிவில் அவர்கள் எண்ணைக் கொடுங்கள். மாட்ட வரும் ஆட்கள் எண்ணெய் விடுவதையும் பெல்ட்டைச் சரிசெய்வதையும் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், முடிந்தால் அந்த நேரத்தில் வீடியோவில் இருங்கள். பக்கத்து ஜிம்மிலோ பிசியோ சென்டரிலோ யார் ரிப்பேர் பார்க்கிறார்கள் என்று வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள். மாடலைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு வாரம் செலவழித்தேன், இதற்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

திரும்பி வந்து ஆறு வாரம் ஆகிறது. கம்பெனியிலிருந்து போர்டு வந்துவிட்டதாகப் போன் வந்ததாம், வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "எண்ணெய் விட்டாச்சு, ரெண்டு பக்கமும். நோட்டுல எழுதிட்டேன்" என்றார். சரி, நடந்தீர்களா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போனைத் திருப்பி, பெல்ட் ஓடுவதைக் காட்டினார்.