ஓடுபாதையை எடுப்பதா, இருக்கைகளை நகர்த்துவதா: மான்செஸ்டரும் லண்டனும்

எங்கள் கல்லூரியின் பழைய மைதானத்தைப் புதுப்பிக்கும் குழுவில் இருந்தபோது, தடகளத்தையும் கால்பந்தையும் ஒரே அரங்குக்குள் வைத்திருப்பதா, பிரிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்ட, இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் லண்டனிலும் உள்ள இரு அரங்குகளை ஒப்பிட்டுப் பார்த்த பின், ஓடுபாதையை எடுத்துவிடும் மான்செஸ்டர் வழியையே பரிந்துரைத்தேன்.

இரண்டும் பன்னாட்டுப் போட்டிகளுக்காகப் பொதுப்பணத்தில் கட்டப்பட்டவை. இரண்டிலும் பின்னர் ஒரு கால்பந்துக் கழகம் குடியேறியது. நகரின் நலிந்த தொழிற்பகுதியை மீட்டெடுக்கும் திட்டத்தின் அங்கமாகவே இரண்டும் எழுந்தன.

மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் போட்டிகள் முடிந்த கையோடு ஓடுபாதையைப் பெயர்த்தெடுத்தார்கள். ஆடுகளத்தைத் தோண்டித் தாழ்த்தி, ஓடுபாதை இருந்த இடத்தில் புதிய கீழடுக்கை அமைத்தார்கள். ஏறத்தாழ 38,000 ஆக இருந்த இருக்கைகள் 48,000 ஆகப் பெருக, 2003இல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் கழகம் அங்கே வந்தது. உரிமை இன்றும் மாநகராட்சியிடமே இருக்கிறது. தடகளத்தையும் அவர்கள் கைவிடவில்லை. போட்டிக்காலத்தில் வீரர்கள் உடலைத் தயார்செய்துகொண்ட பக்கத்துச் சிறு மைதானம் நிரந்தரத் தடகள அரங்காயிற்று. 1994இலேயே திறக்கப்பட்டிருந்த சைக்கிள் பந்தய அரங்கும் அருகிலேயே உள்ளது. பல பயன்பாடு என்பது அங்கே ஒரே கூரையின் கீழ் திணிக்கப்படாமல், வளாகம் முழுவதும் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது. நகரத் திட்டமிடலில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

லண்டன் ஸ்டேடியம் வேறு வழியில் சென்றது. 2012 ஒலிம்பிக்கில் 80,000 பேர் அமர்ந்த அந்த அரங்கை ஏறத்தாழ 32.3 கோடி பவுண்டு செலவில் மாற்றியமைத்து, ஓடுபாதையை வைத்துக்கொண்டே 2016இல் வெஸ்ட் ஹாம் கழகத்துக்கு 99 ஆண்டு ஒப்பந்தத்தில் அளித்தார்கள். கால்பந்துப் பருவத்தில் கீழடுக்கு இருக்கைகள் ஓடுபாதையின் மேல் நிற்கும். கோடையில் அவற்றைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. பொத்தானை அழுத்தியதும் நகரும் இருக்கைகள் அல்ல இவை. ஆட்களைக் கொண்டு பகுதி பகுதியாகப் பிரித்துப் பல நாள் வேலை செய்தே மாற்ற முடியும். ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டு ஆகும் என்று முதலில் மதிப்பிடப்பட்ட இவ்வேலைக்கு 80 லட்சம் பவுண்டு வரை ஆகும் என்று பின்னர் தெரியவந்தது. கழகத்துக்குத் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட அடிப்படை ஆண்டு வாடகையோ சுமார் 25 லட்சம் பவுண்டு. வாடகையைப் போல மும்மடங்குக்கும் மேலான தொகை நாற்காலிகளை இடம்மாற்றுவதற்கே போனால், அந்த அரங்கு எத்தனை நிகழ்ச்சிகளை நடத்தினாலும் நட்டத்திலிருந்து மீள்வது கடினம். அந்தச் சுமையும் பொதுமக்கள் தலையிலேயே விழுகிறது. கட்டுமானச் செலவு ஒருமுறையோடு தீர்ந்துவிடும், மாற்றும் செலவு ஆண்டுதோறும் திரும்பி வரும் என்பதையே குழுக் கூட்டங்களில் நான் வலியுறுத்தி வந்தேன்.

லண்டனுக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். 2017 உலகத் தடகளப் போட்டியும் 2019இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டங்களும் அங்கே நடந்தன. மான்செஸ்டரின் சிறு தடகள அரங்கில் உலகப் போட்டியை நடத்த இடமே இல்லை. தவிர, சிங்கப்பூரில் 2014இல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கின் கீழடுக்கு இயந்திரத்தால் நகர்வதால் அங்கே ஆள்கூலி குறையலாம். ஆனால் அது அடித்தளத்திலிருந்தே அதற்கென வடிவமைக்கப்பட்டது. பழைய அரங்கில் அதைப் பொருத்துவது வேறு வேலை. நகரும் இருக்கைகளைப் பராமரித்த அனுபவம் எனக்கில்லை என்பதால், நம் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அவை எப்படித் தாங்கும் என்பதில் உறுதியாகப் பேசத் தயங்குகிறேன்.

அரங்கை ஒட்டிக் காலி நிலமே இல்லாத நகரத்துக்கு மான்செஸ்டர் வழி பொருந்தாது. அங்கே லண்டன் வழியைத் தேர்ந்தால், ஒவ்வொரு முறை மாற்றுவதற்கும் ஆகும் முழுச் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிய பிறகே அரங்கைக் கைமாற்ற வேண்டும்.