கூத்து மேடையா, சினிமாவா?

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது: நடிக்க ஆசை, ஊர்க் கூத்தில் சேர்வதா, சென்னைக்குப் போவதா?

செலவு
கூத்து: பெரிதாக எதுவும் இல்லை. உடுப்பும் கிரீடமும் குழுவுடையவை.
சினிமா: வாய்ப்பு வரும்வரை வாடகையும் சாப்பாடும் உங்கள் தலையில்தான்.

பயிற்சி
கூத்து: இரவு தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். ஒருமுறை துரியோதனன் வேடக்காரரை அதிகாலை 4 மணிக்குத் திரைக்குப் பின்னால் பார்த்தேன். தோளில் கட்டும் அணியான புஜக்கட்டை அழுத்திச் சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்; அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது. முகவீணை என்னும் ஊதுகுழல் ஒலித்ததுதான் தாமதம், எழுந்து போய்ச் சுழன்று ஆடினார். பாட்டு, வசனம், அடவு (ஆட்ட அசைவு) மூன்றையும் ஒரே உடம்பு தாங்கும் இந்தப் பழக்கத்தை எந்தப் பயிற்சி வகுப்பும் சில மாதங்களில் தந்துவிடாது.
சினிமா: பிசகினால் மறுபடி எடுக்கலாம். ஆனால் காமிரா கண்ணிமைப்பையும் பார்க்கும்; கூத்தின் உரத்த குரல் அங்கே மிகையாகிவிடும்.

வருமானம்
கூத்து: திருவிழாக் காலத்தில் மட்டும். மீதி மாதங்களுக்கு வேறு வேலை வேண்டும்.
சினிமா: கிடைத்தால் நிறைய, கிடைப்பது உறுதியில்லை.

இடையில் ஒரு வழியும் உண்டு. நாடகாசிரியர் ந.முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு, தெருக்கூத்திலிருந்து நவீன நாடகத்துக்கு உரம் எடுத்தது. நடிகர் பசுபதியும் நடிகை கலைராணியும் அங்கிருந்துதான் திரைக்கு வந்தார்கள்.

நிலமோ கைத்தொழிலோ இருந்து, ஊரை விட முடியாதவருக்குக் கூத்து. ஓரிரு ஆண்டுச் செலவுக்குக் கையில் பணமுள்ளவருக்குச் சினிமா. இருபதைத் தாண்டாதவர் என்றால், முதலில் இரண்டு பருவம் கூத்தாடிவிட்டுப் பஸ் ஏறுங்கள்.