நாரை பார்க்க 8×42 போதுமா?

வேடந்தாங்கல் போகிறேன், பைனாகுலர் வேண்டும் என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் 10×50-ஐத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். எண் பெரிதாக இருக்கிறதே என்று நாமும் தலையாட்டிவிடுவோம். நான் வாங்கியது 8×42, விலை பத்தாயிரத்துக்குள். நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன் பார்க்க இதுவே தாராளம்.

பத்து மடங்கு பெரிதாக்கினால் கை நடுக்கமும் அதே பத்து மடங்கு பெரிதாகும், அதை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்று ஒரே கூட்டை விடாமல் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. சாயங்கால வெளிச்சத்தில் 50 நன்றாக இருக்குமே என்பார்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் இவ்வளவுதான், வெளிச்சத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் எதற்குக் கூடுதல் எடை?

வேடந்தாங்கலில் பறவைகளும் அப்படி ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. 1790-களிலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம் வேட்டைக்குத் தடை வாங்கி ஊர்க்காரர்கள் காத்துவந்த ஏரி, தண்ணீரில் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் எல்லாம் கூடுகள். நத்தைகுத்தி நாரை அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து இருக்குமே, அதன் வழியாகப் பின்னால் இருக்கிற இலை தெரிந்தது. குஞ்சுகளின் அலகில் அந்தச் சந்து இல்லை, வளர வளரத்தான் வரும். வெள்ளை அரிவாள் மூக்கன் பறந்து வந்து இறங்கும்போது இறக்கைக்கு அடியில் ரத்தச் சிவப்பாக வெறும் தோல் தெரியும், அதுவும் தப்பவில்லை.

குறை இல்லாமல் இல்லை. வெளிர் வானத்துக்கு எதிரே கரண்டிவாயன் உட்கார்ந்தால் வெள்ளை உடம்பின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு ஒன்று ஓடுகிறது, இந்த விலையில் வருகிற பலவற்றிலும் இந்தத் தொல்லை உண்டு. ஃபோகஸ் சக்கரம் கொஞ்சம் இறுக்கம். கழுத்துப் பட்டை படு மட்டம், முதலில் அதை மாற்றுங்கள்.

பழவேற்காட்டுப் பூநாரைக்கு இது ஆகாது. அவை தொலைவில் நிற்கும், அங்கே 10 மடங்கே பத்தாது, ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கியும் அதை நிறுத்த முக்காலியும் (ட்ரைபாட்) வேண்டும்.

வாங்கும்போது கடைக்கு உள்ளேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். வெளியே வந்து வானத்தை ஒட்டித் தெரிகிற ஏதாவது ஒரு செல்போன் டவரைப் பாருங்கள், ஊதாக் கோடு எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே பார்க்க வேண்டும்.