பதினாலு வருடமாகியும் எனக்கு ஒத்துவராத கடைசி எழுத்து

மே மாத வெயிலில் கரண்ட் போய், சத்துவாச்சாரி வீட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் குடியாத்தத்திலிருந்து தங்கை மகன் போன். மெயின்ஃப்ரேம் என்கிற பெரிய கம்ப்யூட்டரைக் கவனிக்கிற ஆபரேஷன்ஸில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, நைட் ஷிப்ட். "மாமா, ஜாப் அபெண்ட் ஆயிடுச்சு, பாதியிலயே செத்துடுச்சு. ஆனா மெசேஜ் கடைசியில ஐ-னு இருந்துது, தகவல்தானேன்னு விட்டுட்டேன். காலையில டீம் லீடு கத்துறாரு. இதுல என் தப்பு இன்னா?"

அவன் தப்பு ஒன்றுமில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பதினாலு வருடமாக ஜெட்/ஓஎஸ் (z/OS, மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டம்) மெசேஜ்களோடு குடும்பம் நடத்துகிறேன், மெசேஜ் பெயரின் கடைசியில் வருகிற இந்த ஆங்கில ஐ (I, தகவல் என்று அர்த்தம்) மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. (தமிழில் எழுதும்போது இன்னொரு வம்பு, படிக்கிறவர்கள் இரண்டாம் வேற்றுமை உருபு என்று நினைத்துவிடப் போகிறார்கள்.) ஜாப், அதாவது கம்ப்யூட்டருக்குக் கொடுத்த வேலை, நடுவில் செத்தால் வருவது ஐஈஎஃப்450ஐ (IEF450I). கூடவே அபெண்ட் எஸ்0சி7 என்றும் இருக்கும், அதாவது எண் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸோ குப்பையோ இருந்து, கணக்குப் போடப்போன கோபால் (COBOL மொழி) ப்ரோக்ராம் விழுந்துவிட்டது. இதற்குப் பெயர் வெறும் தகவலாம். அதே சாவுக்கு கோபால் ப்ரோக்ராமை ஓட்டுகிற ரன்டைம் விடுகிற மெசேஜைப் பாருங்கள், சிஈஈ3207எஸ். அங்கே கடைசியில் எஸ், விஷயம் தீவிரம். ஒரே பிணத்துக்கு இரண்டு சான்றிதழ்.

நியாயமாகச் சொன்னால் அந்தக் கடைசி எழுத்து கன்சோலில், அதாவது மெசேஜ் வந்து விழுகிற திரை முன்னால், உட்கார்ந்திருப்பவருக்கானது. ஏ என்றால் எழுந்து போய் ஏதாவது செய், டேப் மாட்டு. டி என்றால் முடிவெடுத்துப் பதில் சொல். ஐ என்றால் நீ இப்போது செய்ய ஒன்றுமில்லை. ப்ரோக்ராம் செத்ததற்கு ஆபரேட்டர் என்ன செய்வார், அது எழுதினவன் பாடு. மேனுவலில் ஆபரேட்டருக்கு, சிஸ்டம் ப்ரோக்ராமருக்கு, ப்ரோக்ராமருக்கு என்று பதில்களைத் தனித்தனியாகப் பிரித்திருப்பதும் இதனால்தான். எல்லாம் சரி, ஆனால் புதுசாக வந்த பையனுக்கு இதை யார் சொல்வது?

மெசேஜ் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன், அது தங்கம். ஐஈசி என்று வந்தால் டேட்டாசெட் (மெயின்ஃப்ரேம் ஃபைல்) பக்கம், ஐசிஎச் என்றால் செக்யூரிட்டி பார்க்கிற ராக்எஃப் (RACF) கதவை மூடிவிட்டது. மீதியைப் படிக்காமலே யாரை எழுப்புவது என்று தெரிந்துவிடும். போன வாரம்கூட ஐஈசி031ஐ, டி37-04 என்று ஒன்று வந்தது. ஃபைலுக்கு முதலில் ஒதுக்கிய ப்ரைமரி இடம் தீர்ந்துவிட்டது, கூடுதலுக்கான செகண்டரி கேட்கவே இல்லை. இடம் கேட்கிற ஸ்பேஸ் வரியைப் பார்த்தால் சிலிண்டர் (டிஸ்க் இட அளவு) பத்து, அதற்குப் பக்கத்தில் காலி. ஐந்து என்று போட்டு மறுபடி விட்டேன், ஓடிவிட்டது. கம்ப்யூட்டர் இதைவிடத் தெளிவாகப் பேசி நான் பார்த்ததில்லை, அந்த வரியும் ஐ-யில்தான் முடிகிறது.

அவனிடம் இவ்வளவையும் சொல்லி, கடைசி எழுத்தை நம்பாதே, நடுவில் இருக்கிற நம்பரைப் படி என்றேன். தலையாட்டியிருப்பான் போல. அன்று ராத்திரியிலிருந்து ஐ-யில் முடிகிற எல்லாவற்றுக்கும் எனக்கு போன் வருகிறது. நேற்று இரண்டு மணிக்கு ஐஈஎஃப்403ஐ என்றான். ஜாப் ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், வைடா போனை என்றேன்.