கெட்டி மேளம் கிழியாம ரெக்கார்ட் ஆகணும்னா: ஷூர் ஏ15ஏஎஸ் அட்டென்யுவேட்டர்

கல்யாண வீடியோ எடுக்குறவங்களுக்கு தெரியும், "கெட்டி மேளம் கெட்டி மேளம்"னு குரல் வந்ததும் தவில்காரங்க ரெண்டு பேரும் ஒண்ணா இறங்கி அடிப்பாங்க, அந்த அரை நிமிஷம் தான் நமக்கு பரீட்சை. போன வருஷம் கும்பகோணம் பக்கம் ஒரு கல்யாணத்துல அது மொத்தமா கிழிஞ்சு போச்சு. ரெக்கார்டர்ல மைக் சிக்னல ஏத்தி எறக்குற கெய்ன் நாப சுத்தமா கொறச்சு தான் வச்சிருந்தேன், மீட்டரும் மைனஸ் 12 டிபிலயே (டெசிபல், சத்தத்தோட அளவு) ஆடிட்டு இருந்துச்சு, செவப்பு பக்கமே போகல. வீட்டுக்கு வந்து டைம்லைன்ல பெருசு பண்ணி பாத்தா அலையோட தலையெல்லாம் கத்திரியால நறுக்குன மாதிரி தட்டையா நிக்குது. பொண்ணோட அம்மா கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லல, எனக்கு அது தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

மீட்டர் நல்லா இருந்தும் சத்தம் ஏன் கிழியுதுன்னா, கெய்ன் நாப் வேலை செய்யுறதுக்கு முன்னாடியே ரெக்கார்டருக்குள்ள மைக் சிக்னல பெருசாக்குற ப்ரீஆம்போட முதல் ஸ்டேஜ் நிரம்பி வழிஞ்சிடுது. அங்க வெட்டுப்பட்டத அப்புறம் எவ்ளோ கொறச்சாலும் வெட்டுப்பட்டது தான். நான் தவிலுக்கு வைக்கிற எஸ்எம்57 மைக் 94 டிபி சத்தத்துக்கு 1.6 மில்லிவோல்ட் தான் குடுக்கும், ஆனா சத்தம் 20 டிபி ஏறுனா வோல்டேஜ் பத்து மடங்கு, 40 டிபி ஏறுனா நூறு மடங்கு. விரல்ல கூடு மாட்டி வலந்தலைல (தவிலோட வலது பக்கம்) அடிக்கிறப்போ அரை அடில மைக் இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

அதுக்கு அப்புறம் தான் இந்த ஷூர் ஏ15ஏஎஸ் அட்டென்யுவேட்டர வாங்குனேன், மைக் சிக்னல கொறச்சு அனுப்புற ஒரு குழாய் இது. ஒரு பக்கம் ஆண் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்ல வர்ற மூணு பின் கனெக்டர்), ஒரு பக்கம் பெண், கேபிளுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவுல சொருகிட வேண்டியது தான், பேட்டரி கிடையாது. சுவிட்ச்ல 15, 20, 25 டிபின்னு மூணு அளவு. 20ல வச்சா வோல்டேஜ் பத்துல ஒரு பங்கா கொறஞ்சு தான் ரெக்கார்டருக்குள்ள போகும். தவிலுக்கு 20, நாயனத்துக்கு 15, எனக்கு இது சரியா ஒக்காந்துச்சு. அடுத்த முகூர்த்தத்துல கெய்ன் நாப் நடுவுல நின்னுச்சு, கூடு தோல்ல படுற அந்த "டக்" தனியா கேட்டுச்சு, அதுக்கு கீழ தொப்பில (இடது பக்கம்) கம்பு விழுறதும் தனியா கேட்டுச்சு. ஹெட்போன்ல கேக்குறப்போ நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு.

மிக்சர்ல இருந்து லைன் அவுட் எடுத்து மைக் இன்புட்ல போடுறவங்களுக்கும் உதவும், ஆனா ப்ளஸ் 4 டிபியு (பெரிய மிக்சருங்க அனுப்புற சிக்னல் அளவு) லைன்னா 1.23 வோல்ட், அதுக்கு 25 போட்டாலும் சில நேரம் பத்தாது, மைக் செட் அண்ணன்கிட்ட சொல்லி அவுட்ட கொறைக்க சொல்லணும். "ஊம்"னு ஹம் வந்தா இது தீர்க்காது, அதுக்கு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் தான்.

கண்டென்சர் மைக் வச்சிருக்கவங்க கவனிங்க. மைக்குக்குள்ள இருக்குற சர்க்யூட்டே ஓவர்லோட் ஆனா வெளிய என்ன மாட்டுனாலும் பிரயோஜனம் இல்ல, மைக்குலயே பேட் (சிக்னல கொறைக்கிற) சுவிட்ச் இருக்கணும். அதோட இந்த மாதிரி பேட் எல்லாம் உள்ள ரெசிஸ்டர் தான், கண்டென்சர் மைக்குக்கு ரெக்கார்டர் கேபிள்லயே அனுப்புற ஃபாண்டம் 48 வோல்ட் பவர் அது வழியா வர்றப்போ கொறையலாம், அதனால உங்க மைக்க போட்டு முன்னாடியே டெஸ்ட் பண்ணிடுங்க. பெரிய சத்தம் சின்ன சத்தம் ரெண்டையும் கெய்ன் பாக்காமலே பதியுற 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கே, இது எதுக்குன்னு கேக்குறாங்க, அதுக்கும் இன்புட்ல ஒரு உச்ச வரம்பு இருக்கு, அத தாண்டுனா அதுவும் கிழியும்.

குறைன்னா, ரெக்கார்டர்ல நேரா சொருகுனா நீளமா துருத்திக்கிட்டு நிக்கும், யாராவது இடிச்சா ரெக்கார்டரோட சாக்கெட்டே போயிடும், நான் ஒரு அடி கேபிள் நடுவுல போட்டுக்கிறேன். சாலிடரிங் தெரிஞ்சவங்க மூணு ரெசிஸ்டர்லயே ஒரு பேட் செஞ்சுக்கலாம், செலவு ரொம்ப கம்மி, ஆனா மூணு அளவும் ஒரே குழாய்ல கெடைக்குறதும் கூட்டத்துல கீழ விழுந்தாலும் தாங்குறதும் எனக்கு முக்கியம்.

இன்னொண்ணு, மேளம் முடிஞ்சு ஊஞ்சல் பாட்டுக்கு போறப்போ மறக்காம கழட்டிடுங்க. பாட்டிங்க மெதுவா பாடுவாங்க, 20 டிபி கொறச்சு வச்சுட்டு கெய்ன ஏத்துனா "ஸ்ஸ்"னு இரைச்சல் தான் முன்னாடி வரும். நான் அதுல செவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன், தூரத்துல இருந்தே மாட்டியிருக்கான்னு தெரியும்.